மாமியின் காதை அடைப்பது யார்?

திரியாயில் எங்கட மாமி ஒராளின் வீட்டில் ஒரு மேசைப் போன் இருக்கு. கனடாவில் இருக்கிற மகன் வாங்கி அனுப்பினது. 4ஜி ரவுட்டரில் கொழுவினால் இன்டர்நெட் வழியே கதைக்கலாம். மணி அடிக்கும், மாமி எடுப்பா. அவ கதைக்கிறது மகனுக்குக் கேட்கும். மகன் கதைக்கிறது அவவுக்குக் கேட்காது. "அவனுக்கு என்னில ஏதோ கோவம் போல, வாயே திறக்கிறான் இல்ல தம்பி" என்று என்னிடம் அழுதா.

உதவிக்கு எடுத்தால் ஒரே பதில்: "உங்கட ஏரியாவில சிக்னல் குறைவு." புல்மோட்டை வீதியில் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இதே பதில்தான். சிக்னல் இல்லாட்டி ரெண்டு பக்கமும்தானே வெட்டவேணும்? ஒரு பக்கம் மட்டும் ஊமையாவது எப்படி?

குற்றவாளி ரவுட்டருக்குள் இருக்கு. பெயர் 'சிப் ஏ.எல்.ஜி'.

ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் முடிந்தது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1994இலேயே வந்த ஒட்டு வேலைதான் நாட்: வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் வெளியே ஒரே முகவரி. கடித உறையில் அனுப்புநர் முகவரியை ரவுட்டர் மாற்றி எழுதும். ஆனால் சிப் அழைப்பில் "என் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று கடிதத்துக்கு உள்ளேயும் எழுதியிருக்கும். அங்கே இருப்பது 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரி. வெளியே அது செல்லாது. அதனால் உறையைப் பிரித்து உள்ளே திருத்துவதற்கு வைத்த ஆள்தான் ஏ.எல்.ஜி.

எஃப்.டி.பி காலத்தில் அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. இன்று பெரும்பாலான போன் சேவைகளின் சர்வர்களுக்கு நாட்டைச் சமாளிக்கத் தெரியும். உள்ளே 192.168ஐக் கண்டால், கடிதம் வந்த வழியாலேயே குரலைத் திருப்பி அனுப்பும். இடையில் ஏ.எல்.ஜி புகுந்து, ரவுட்டரின் வெளி முகவரியைப் போடுகிறது. 4ஜியில் அந்த வெளி முகவரியும் பல வேளை உண்மையானதல்ல. கொம்பனி தன் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்திருக்கும். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. சில சர்வர்கள் அதை உண்மையான முகவரி என்று நம்பி அங்கேயே அனுப்பும். மகனின் குரல் நடுவழியில் தொலைகிறது.

"தெரியாத சனத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் திறந்து விடுகிறோம்" என்பார்கள். உதவியா? ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கவைத்தே ஏ.எல்.ஜியை ஏமாற்றி வீட்டுக் கருவிகளுக்கு வெளியிலிருந்து வழி திறக்கலாம் என்று 2020இல் சாமி கம்கார் செய்து காட்டினார். அதற்குப் பிறகு பிரவுசர்கள் 5060, 5061 போர்ட்களை மறித்தன. பிரவுசர்காரர் பூட்டுப் போட்டார்கள்; ரவுட்டர் விற்கிறவர் கதவைத் திறந்தே விற்கிறார்.

ஒரு அலுவலகத்தில், என்ன செய்கிறோம் என்று தெரிந்த ஒருவர் அளந்து பார்த்து ஏ.எல்.ஜியைப் போடட்டும். அது வேறு கதை. வீட்டுக்கு வரும் பெட்டியில் அது அணைந்தே வரவேணும். காசு கொடுத்து வாங்கின பெட்டியின் அட்மின் பாஸ்வேர்ட் வாங்கினவர் கையில் இருக்கவேணும். ஐபிவி6 வந்தால் இந்த முகவரி மாற்றும் வேலையே தேவையில்லை. அதைக் கேட்கவும் நாங்கள் பழகவேணும்.

அதுவரை, வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரே, ஊருக்குப் போனால் ஒரு வேலை செய்யுங்கோ. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து நாட் அல்லது செக்யூரிட்டி பகுதியில் சிப் ஏ.எல்.ஜியைத் தேடுங்கோ. சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, சேமித்து, ரவுட்டரை நிப்பாட்டிப் போடுங்கோ. பிறகு பத்து நிமிசம் கதைத்துப் பாருங்கோ.

மாமி வீட்டில் எனக்கு அஞ்சு நிமிசம்தான் எடுத்தது. பாஸ்வேர்ட் வாங்கத்தான் மூன்று கிழமை.