கந்தை என்று இகழாதீர்!

வங்காளத்தில் ஒரு சொல் உண்டு: கந்தா. தமிழிலும் ஒரு சொல் உண்டு: கந்தை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மதிப்பிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு! அங்கே, பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைக்கு அது பெயர். ஆட்சிப் பணியில் இருந்த குருசதய் தத், சிற்றூர்ப் பெண்கள் தைத்த கந்தாக்களைத் தேடித் திரட்டினார். அவை அருங்காட்சியகம் ஏறின. இங்கே, அதே சொல்லால் நாம் ஏழையை வைகிறோம். கையால் தைத்தவளைப் போற்றியது ஒரு நாடு. கிழிந்ததை மட்டுமே கண்டது மற்றொன்று. இது தகுமா?

துண்டுத்துணிப் போர்வை வறுமையின் சின்னம் அன்று, அறிவின் விளைவு. அதை நாமே தைக்க வேண்டும். நம் கட்டிலிலேயே விரிக்க வேண்டும். இதுவே என் துணிபு.

சங்கரன்கோவிலிலிருந்து பிழைப்புக்காக இந்நகர் வந்த குடும்பம் எங்களுடையது. தந்தையார் சாலைக் கடைத்தெருவில் தையல் தொழில் செய்கிறார். உடை வெட்டும்போது துணியில் ஏறத்தாழ 15 விழுக்காடு கழிவாகிறது என்பது ஆடைத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த வெட்டுத்துண்டுகளை அம்மா சேர்த்துத் தைத்த போர்வைதான் விடுதியில் என் கட்டிலில் கிடக்கிறது. "கடையில் போர்வை கிடைக்கவில்லையா?" என்று கேட்டவர் உண்டு. கிடைக்கும். ஆனால், ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. அந்த நீரைக் குப்பைத் தொட்டியில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

அறிவியல் மாணவன் என்ற முறையில் மேலும் ஒன்று சொல்வேன். போர்வையில் நம்மைக் காப்பது துணி மட்டும் அன்று. அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று! அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நெருக்கமாக ஓடும் தையல், அடுக்குகள் நழுவாமல் பிடித்து நிறுத்துகிறது. ஓரிடம் நைந்தாலும் இழுவிசையைப் பக்கத்துத் துணி ஏற்றுக்கொள்கிறது. பள்ளிக்கூடம் காணாத பாட்டியரின் கைக்கு இது தெரிந்திருந்தது.

உலகம் இதை உணராமல் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்பது ஒரு சிற்றூர். அடிமைகளாக வாழ்ந்தோரின் வழிவந்த கருப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளை இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அவை 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலத் தொங்கின. 2006-இல் அஞ்சல் தலைகளிலும் இடம் பெற்றன. நம் பக்கத்திலேயே, கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்கள் இருக்கிறார்கள். அப்பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைப்பார்கள். மூலைகளில் 'பூலா' என்னும் துணிப்பூ வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்வார்கள். இல்லாமையிலும் பூ வைக்க மறவாத கை அது!

கேரளமும் பின்தங்கவில்லை. 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலத்துக் கைத்தறிச் சேலைகள் சேற்றில் மூழ்கின. எரிக்க இருந்த அவற்றைக் கொச்சி வடிவமைப்பாளர் லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் 'சேக்குட்டி' என்னும் பொம்மைகளாக்கினார்கள். ஏறத்தாழ 1,300 ரூபாய்ச் சேலை ஒன்றிலிருந்து 360 பொம்மைகள். பொம்மை 25 ரூபாய். ஆக 9,000 ரூபாய்! நெசவாளர் குடும்பங்களுக்கு அது கைகொடுத்தது. 2020-இல் தொற்றுக் காலக் காப்புடை தைத்ததில் மிஞ்சிய துண்டுகளைச் சடைபோலப் பின்னிப் படுக்கையாக்கியவரும் அதே லட்சுமி மேனன்தான்.

"வறுமைக்கு மாலை சூட்டுகிறாயா?" எனச் சிலர் கேட்கலாம். இல்லை. வேறு வழியின்றிக் கந்தை உடுப்பவருக்குப் புத்தாடை வேண்டும்; அதில் ஐயம் இல்லை. நான் சொல்வது வழியுள்ள நமக்கு. வாங்கத் தெரிந்த நமக்கு ஆக்கவும் தெரிய வேண்டாவா?

செய்முறை எளிது. பருத்தியோடு பருத்தியைச் சேருங்கள். இழுபடும் பனியன் துணியைத் தனியே வையுங்கள். முதலில் துவைத்துவிடுங்கள், சுருங்குவது சுருங்கட்டும், சாயம் போவது போகட்டும். ஐந்து அங்குல அட்டைச் சதுரத்தை அளவாக வைத்து வெட்டுங்கள். விளிம்பில் கால் அங்குலம் விட்டு இணையுங்கள். அகலத்தில் 13, நீளத்தில் 20, ஆக 260 சதுரம் ஒருவருக்குப் போதும். நாளைக்குப் பத்து இணைத்தால் 26 நாளில் மேற்புறம் முடியும். அடியில் பழைய வேட்டியோ சேலையோ வைத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி நேர்த்தையல் போடுங்கள். இந்நகரின் வெக்கைக்கு இரண்டு அடுக்கே மிகுதி. பாலராமபுரத்துப் பழைய வேட்டி கிடைத்தால் நன்று. பாலராம வர்மா மன்னர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் தொடங்கி வைத்த தறிகள் அல்லவா அவை!

ஆண்களாகிய நாம் ஊசி எடுப்பதா என்று தயங்கும் தோழரிடம் ஒரு கேள்வி. சாலைத் தெருவில் தையல் பொறிமுன் அமர்ந்திருப்போர் யார்? பெரும்பாலும் ஆண்களே. கூலிக்குத் தைத்தால் ஆணின் தொழில். வீட்டுக்குத் தைத்தால் பெண்ணின் கடமை! இந்த வழக்கு எந்த நீதிமன்றத்தில் நிற்கும்?

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் கொண்டாடுகிறது. வரும் போகிக்குப் பழந்துணியை எரிக்க வேண்டா. சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். தோழியரும் தோழரும் சேர்ந்து தைப்போம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் நோயாளியோடு வந்து இரவைக் கழிக்கும் நம்மவர்க்கு அவற்றைக் கொடுப்போம் என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல எண்ணமே. ஆனால், முதற்போர்வை நம் கட்டிலுக்கு வரட்டும். இரண்டாவது அவர்களிடம் போகட்டும். நாம் போர்த்த நாணும் ஒன்றைப் பிறருக்குக் கொடுப்பது ஈகை ஆகாது. குப்பையை இடம் மாற்றுவதே ஆகும்.