முதற் பக்கத்தில் வராத மலையகம்

பல்கலைக்கழக நூலகங்களில் முன்னர் நூற்பட்டியல், ஆய்விதழ், மின்னூல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டியிருந்தது. 'சம்மன்', 'பிரைமோ', 'எப்ஸ்கோ டிஸ்கவரி' போன்ற ஒருங்கிணைந்த தேடற்கருவிகள் இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் தருகின்றன. கூகுளுக்குப் பழகிய மாணவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற ஒருவர் தன் சமூகத்தைப் பற்றியே ஆய்வேடு எழுதும்போது, அந்தப் பட்டியலில் எது மேலே வருகிறது என்பது அரசியற் கேள்வியாகிவிடுகிறது.

அமெரிக்காவின் இரு பல்கலைக்கழகங்களில் அன்ட்ரூ ஆஷர் குழுவினர் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. எந்தக் கருவியில் தேடினாலும் மாணவர்கள் பெரும்பாலும் முதற் பக்கத்தில் வந்தவற்றையே எடுத்தார்கள் என்று அது கண்டது. எது தரமானது என்று தீர்மானிக்கும் வேலையைக் கருவியிடமே விட்டுவிட்டார்கள்.

கருவியோ தன்னிடம் பதிவான விபரங்களைக் கொண்டே வரிசைப்படுத்துகிறது. ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்குச் சுருக்கமும் குறிச்சொற்களும் இருக்கும். பல கட்டுரைகளுக்கு முழுப் பிரதியும் இருக்கும். தமிழ் நூலுக்குப் பல வேளைகளில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டுமே. அந்தப் பெயரும் ஒரே விதமாக இராது. 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்திய தொழிற்சங்க முன்னோடி நடேசய்யர், நடேசையர் என்றும் நடேச ஐயர் என்றும் எழுதப்படுகிறார். அவரைப் பற்றி நூல் எழுதிய சாரல் நாடனின் பெயரில் இடைவெளி விடுவோரும் உண்டு, விடாதோரும் உண்டு. சமூகத்தின் பெயரே மலையகத் தமிழர், இந்தியத் தமிழர், தோட்டத் தொழிலாளர் என்று சிதறிக் கிடக்கிறது.

விளைவை 1981ஆம் ஆண்டே காட்டும். மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இதைப் பற்றி ஆங்கிலத்திலும் நிறைய எழுதப்பட்டுள்ளது. அதே ஆண்டு ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் தாக்கப்பட்டார்கள். 1977, 1981, 1983 வன்முறைகளால் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் பின்னர் போருக்குள்ளும் அகப்பட்டார்கள். அவர்களின் கதையை அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் சிறு வெளியீடுகளிலும் தேடித்தான் எடுக்க வேண்டும். முதற் பக்கத்தோடு நிற்கும் மாணவர், தன் தாத்தா பாட்டியின் இடப்பெயர்வை விட்டுவிட்டே தன் சமூக வரலாற்றை எழுதி முடிப்பார்.

இதற்கு மாற்று வழி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் அதைத் தனியாகத் தேட வேண்டும். ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்க்க வேண்டும். நூலகர்கள் தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திலும் பொருட் குறிச்சொற்களோடும் பதிவது அதைவிட முக்கியம். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் இந்தத் தோட்டங்களின் நடுவிலேயே இருக்கிறது. இந்த வேலையைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.