பக்கத்து ரூமுக்குப் போக மூணாறு வழியா?

போடி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறார். "முதல்ல போடிமெட்டு ஏறுங்க. 17 கொண்டை ஊசி வளைவு. அப்புறம் மூணாறு. அங்கே பேரு, போன் நம்பர், மெயில் ஐடி எல்லாம் கொடுத்து அனுமதி வாங்கிட்டுத் திரும்பி இறங்கி வாங்க" என்று பதில் சொன்னால் என்ன ஆகும்? சட்டைக் காலர் கிழியும்!

இதையே ஒரு வைஃபை பிரிண்டர் செய்தால் மட்டும் "லேட்டஸ்ட் டெக்னாலஜி" என்று ஊரே தலையாட்டுகிறது.

இப்படி ஒரு ராத்திரியை யோசிச்சுப் பாருங்க மக்களே. ஏலமலைச் சரிவில் ஒரு எஸ்டேட் வீடு. ஜூலை மாசத்து மழை. மரம் விழுந்து இன்டர்நெட் கேபிள் அறுந்து போச்சு. கரண்ட்டும் இல்லை. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ரூட்டரும் பிரிண்டரும் ஓடுது. காலையில் பரீட்சை. ஹால் டிக்கெட் மதியமே போனில் இறங்கியாச்சு. போனும் பிரிண்டரும் ஒரே மேஜையில், ஒரு முழம் தூரத்தில். ஆனா கம்பெனி ஆப் கேட்கிறது: "இணைய இணைப்பு இல்லை. உங்கள் கணக்கில் நுழையவும்."

அவ்வளவுதான். இனி விடியறதுக்கு முன்னாடி ஜீப் பிடிச்சுப் போடிக்கு இறங்கி, ஜெராக்ஸ் கடை எப்போ திறக்கும்னு வாசலில் காவல் கிடக்கணும்.

இங்கேதான் பெரிய ஏமாற்று இருக்கிறது. வீட்டு வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. ரூட்டர் என்பது வீட்டுக்குள் இருக்கிற ஒரு தபால்காரர். போன் கொடுக்கிற கடிதத்தை வாங்கிப் பிரிண்டரிடம் கொடுப்பார். அதற்கு வெளியூர் ரோடு திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளி கேபிள் அறுந்தாலும் உள்ளூர் தபால் நடக்கும். நடக்க விடாமல் செய்வது தொழில்நுட்பம் இல்லை, வியாபாரம்.

சரி, நெட் ஒழுங்காக இருக்கிற நாளில் மட்டும் ஒட்டுமா? அதுவும் லேசில் ஒட்டாது. வீட்டு உபயோகப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். இன்றைய ரூட்டர்களோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அமைக்கும்போது பிரிண்டர் சிக்காமல் போக இது ஒரு முக்கியக் காரணம். ரூட்டர் செட்டிங்கில் 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு இணைத்தால் பல நேரம் வேலை முடிந்தது.

அடுத்தது, நேற்று வேலை செய்த பிரிண்டர் இன்று "ஆஃப்லைன்". கரண்ட் போய் வந்ததும் ரூட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். கம்ப்யூட்டர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தால் தீர்ந்தது. இந்த இரண்டு வரியைப் பெட்டிக்குள் தமிழில் அச்சிட்டு வைக்க எவ்வளவு செலவாகும்? வைக்க மாட்டார்கள். கடைசியில் திட்டு வாங்குவது யார்? "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியலைம்மா" என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற அம்மாதான்.

கம்பெனிகளின் யோக்கியதை தெரியணுமா? 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் பல, வேறு கம்பெனி மை கார்ட்ரிட்ஜை ஏற்க மறுத்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்தத் தடையை நீக்கும் மென்பொருளைக் கொடுத்தார்கள். அதே எச்பி 2020-இல் கொண்டு வந்த "எச்பி பிளஸ்" திட்டத்தின் நிபந்தனைகள்: கணக்கு வேண்டும், எப்போதும் இன்டர்நெட் வேண்டும், அவர்கள் மைதான் வேண்டும். காசு கொடுத்தவன் ஒருத்தன், சொந்தக்காரன் இன்னொருத்தன்!

இது புதுச் சண்டையும் இல்லை. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் நெட்வொர்க்கில் தகவல் போகிற மாதிரி மாற்ற ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆசைப்பட்டார். மூல நிரலைக் கொடுக்க மறுத்தார்கள். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-இல் க்னூ திட்டமாக வெடித்தது.

"அப்போ வைஃபையே வேண்டாமா? நாலு போனுக்கு நாலு ஒயர் இழுக்கவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வைஃபை தாராளமாக இருக்கட்டும். தூரத்து சர்வரும் தேவைப்படுகிற இடத்தில் இருக்கட்டும். ஏலக்காய் ஏலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. 2021-இல் வந்த கிளவுட் முறையால் இரண்டு ஊர் வியாபாரிகளும் ஒரே ஏலத்தில் விலை கேட்க முடிந்தது. நடுவில் மலை இருக்கிறது, அதனால் கிளவுட் வேண்டும். போனுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் என்ன மலை இருக்கிறது? ஒரு டீ கிளாஸ்தான் இருக்கிறது!

வழி இல்லாமலும் இல்லை. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010-இலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டிலும் 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் பிரிண்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. ஒருமுறை பிரிண்டர் வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டால், அதை ஆதரிக்கும் மாடல்களில் கம்பெனி ஆப் இல்லாமல் நேராக அச்சடிக்கலாம். ஆனால் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருப்பது என்னவோ "எங்கள் ஆப்பை இறக்குங்கள்" என்பதுதான்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கு தொடங்காமல் ஓடுமா? இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? யூஎஸ்பி ஒயர் போட இடம் இருக்கா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

மேகம் மலைமேல் இருந்தால் அழகு. மேஜைமேல் எதற்கு?

டிஸ்கி: பத்து ரூபாய் யூஎஸ்பி ஒயர் என்று ஒயரைக் கேவலமாகப் பேசுபவர்களுக்கு: பரீட்சைக்கு முந்தின ராத்திரி அது பாஸ்வேர்டு கேட்பதில்லை :-)