சகோதரி கொடுத்த கிட்னி... இரண்டே வாரத்தில் இன்னொருவருக்குப் போனது ஏன்?

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் புறநகர் ரயிலேறி டயாலிசிஸுக்காகச் சென்னை வந்து போகும் குடும்பங்களுக்கு ஒரே நம்பிக்கைதான். அம்மாவோ அண்ணனோ கிட்னி கொடுத்துவிட்டால் இந்த அலைச்சல் முடிந்துவிடும்!

பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் முடிகிறது. ஆனால், பழைய கிட்னியைக் கெடுத்த அதே நோய் புதிய கிட்னியையும் தேடி வருவது உண்டு. உடல் புது உறுப்பை ஏற்க மறுக்கும் 'ரிஜெக்‌ஷன்' வேறு, இது வேறு.

2011-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த சம்பவம் இதை அப்பட்டமாகக் காட்டியது. 27 வயது இளைஞருக்கு எஃப்.எஸ்.ஜி.எஸ் என்ற நோய். கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகளில் ஆங்காங்கே தழும்பு விழுந்து, புரதம் சிறுநீரில் கொட்டும். அவருடைய சகோதரி கிட்னி கொடுத்தார். சில நாள்களிலேயே நோய் அந்தக் கிட்னியையும் பிடித்துக்கொண்டது. சிகிச்சைகள் எடுபடவில்லை. 14-வது நாள் டாக்டர்கள் அதை வெளியே எடுத்தார்கள்.

குப்பைக்குப் போகவேண்டிய கிட்னி அது. ஆனால், சகோதரியும் சகோதரரும் சம்மதிக்க, சர்க்கரை நோயால் கிட்னியை இழந்திருந்த அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அதைப் பொருத்தினார்கள். அங்கே அது தேறிவிட்டது! புரதம் ஒழுகுவதும் குறைந்தது. அதாவது, கோளாறு கிட்னியில் இல்லை. அந்த இளைஞரின் ரத்தத்தில் சுற்றிய ஏதோ ஒன்றில் இருந்தது. 2012-ல் இது மருத்துவ இதழில் வெளியானது. பாவம், அந்த இளைஞர் மறுபடி டயாலிசிஸுக்கே திரும்பினார்.

எஃப்.எஸ்.ஜி.எஸ் உள்ளவர்களில், முதல் மாற்று சிகிச்சைக்குப் பின் 100-ல் சுமார் 30 பேருக்கு நோய் திரும்புகிறது. அப்படித் திரும்பி முதல் கிட்னியை இழந்தவர்களுக்கு, இரண்டாவதிலும் வரும் வாய்ப்பு 80 சதவிகிதம் வரை போகிறது. ஐ.ஜி.ஏ நெஃப்ரோபதியும் திரும்பும். ஆனால் ஆண்டுக்கணக்கில், மெதுவாக. பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் திரும்பாது. ஆக, முதல் கிட்னி எதனால் கெட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் சிக்கலே அங்கேதான். பலர் கிட்னி சுருங்கிய பிறகுதான் மருத்துவமனைக்கே வருகிறார்கள். அந்த நிலையில் பயாப்ஸி எடுப்பது ஆபத்து. எடுத்தாலும் காரணம் தெரிவது கடினம். அதனால், முன்பு எப்போதாவது பயாப்ஸி எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது தொலைவது பெரும்பாலும் அந்தக் காகிதம்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கிரியாட்டினினோடு சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் ஏறும் முன்பே புரதம் காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீரில் நுரை, காலையில் முகவீக்கம் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் தெரிந்தால், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை சிலருக்குக் கைகொடுக்கிறது.

முதல் கிட்னி இந்த நோயால் போய், இரண்டாவது முறை வீட்டில் யாராவது கொடுக்க முன்வந்தால், அந்த 80 சதவிகிதக் கணக்கை அவரிடமும் சொல்லச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அவர் கையெழுத்துப் போடும் முன்பே.