முழுவரவுக்கு ஏன் கிண்ணம்?

எங்கட பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில முழுவரவுப் பரிசு என்று ஒன்று இருக்கு. வருசம் முழுக்க ஒருநாளும் லீவு எடுக்காத பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுக் கிண்ணம் குடுப்பினம், நாங்களும் கை தட்டுவம். அந்தப் பிள்ளை அதில எத்தனை நாள் காய்ச்சலோட வாங்கில இருந்தது என்று ஒருத்தரும் கேக்கிறதில்லை.

இந்தப் பரிசை நிற்பாட்ட வேண்டும். அதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருகிறது.

ஒரு வகுப்பறைக்குள்ள நாற்பது பிள்ளைகள், ஒரு தண்ணிப் போத்தில் நாலு பேருக்கு. தடிமன், கண்நோய், கொப்புளிப்பான் எல்லாம் சுத்தி வரத்தான் செய்யும். வருசத்தில சில நாள் படுக்கையில கிடக்கிறது பிள்ளைப் பருவத்தின் இயல்பு, ஒழுக்கக்கேடு இல்லை. வருத்தமே வராத பிள்ளைக்குப் பரிசு என்றால், அது அதிர்ஷ்டத்துக்குக் குடுக்கிற பரிசு. வருத்தத்தோட வந்த பிள்ளைக்கு என்றால், பக்கத்தில இருந்தவைக்கும் அதைப் பரப்பினதுக்குக் குடுக்கிற பரிசு. இதுக்கு மூன்றாவது அர்த்தம் இருந்தால் சொல்லுங்கோ பாப்பம்.

மூன்று, நான்கு கிழமைக்கு ஒருக்கா இரத்தம் ஏத்த ஆஸ்பத்திரிக்குப் போகிற தலசீமியாப் பிள்ளை இந்தக் கிண்ணத்தை ஒருநாளும் தொடப் போவதில்லை. மாரி காலத்தில முட்டு வந்து இரவிரவா நித்திரை கொள்ளாத பிள்ளையும் அப்பிடித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொப்பியைத் திறக்கிற அந்தப் பிள்ளையின் உழைப்புக்கு எந்தப் பள்ளிக்கூடம் கிண்ணம் வைத்திருக்கிறது?

இது வெறும் மனவருத்தக் கதை மட்டுமில்லை, உயிரோட சம்பந்தப்பட்ட விசயம். 2017இல் இலங்கையில 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழையோட ஒவ்வொரு வருசமும் டெங்கு ஏறுகிறது. டெங்கில ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்தில நிற்கும்போது வருவதில்லை, அது இறங்கும்போதுதான் வரும். இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசிகிற அந்த 24 தொடக்கம் 48 மணித்தியாலத்தில பிள்ளைக்குத் தேவை ஓய்வும், நீராகாரமும், வைத்தியரின் கண்காணிப்பும். எங்கட வீடுகளில நடக்கிறது என்ன? நாலாம் நாள் உடம்பு குளிர்ந்ததும் "காய்ச்சல் விட்டிட்டுது, வெளிக்கிடு" என்று சீருடையைப் போட்டு அனுப்புறம். காய்ச்சலை மறைக்க ஒரு பனடோல். பின்னேரம் ரியூசன் வேற. புலமைப்பரிசில் வகுப்பு என்றால் கேக்கவே வேண்டாம்.

உடனே தாயைத் திட்டுவது லேசு. ஆனால் அந்தத் தாய் ஆடைத் தொழிற்சாலையில வேலை செய்தால், ஒருநாள் நின்றதுக்கே வரவுக் கொடுப்பனவில வெட்டு விழக்கூடும். கடையில, அலுவலகத்தில வேலை செய்கிறவைக்குச் சட்டத்தில 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. பிள்ளைக்குச் சுகமில்லை என்று தனியாக ஒருநாள்கூட இல்லை. நாட்கூலிக்குப் போகிற தாய்க்கு லீவு என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. யோசித்துப் பாருங்கோ: தாய்க்குத் தொழிற்சாலையில வரவுக் காசு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில வரவுக் கிண்ணம். "உன்ர உடம்பு எப்பிடி இருந்தாலும் வந்து நில்" என்கிற ஒரே பாடத்தைத்தான் இரண்டு இடத்திலயும் படிப்பிக்கினம்.

"பரிசு இல்லாட்டிப் பிள்ளையள் களவாய் நிற்குங்கள்" என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கோ. பஸ் காசு இல்லை, சப்பாத்து இல்லை, காலமைச் சாப்பாடு இல்லை, இல்லாட்டித் தம்பியைப் பார்க்க வீட்டில ஆள் இல்லை. அந்தப் பிள்ளையை ஒரு கிண்ணம் கூட்டிக்கொண்டு வராது. "வரவு குறைஞ்சால் சோதினை எடுக்கேலாது" என்று வெருட்டுறதும் உண்டு. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்றக் கேக்கிறதே 80 வீத வரவுதான். ஐந்தில் ஒருநாள் வராமல் விட அந்த விதியே இடம் விட்டிருக்கு. மூன்று நாள் காய்ச்சலுக்கு ஒருத்தரின்ர சோதினையும் நிற்காது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வராத பிள்ளைக்கு அன்றைய பாடக்குறிப்பைக் கொண்டுபோய்க் குடுக்க வகுப்பில ஒரு முறை வேண்டும். திரும்பி வந்த பிள்ளையை எழுப்பி நிற்பாட்டி "எங்க நிண்டனீ?" என்று விசாரிக்கிறதை விட்டு, விட்டுப்போன கணக்கைச் சொல்லிக் குடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில காய்ச்சல் வந்தால், மணி அடிக்குமட்டும் மேசையில தலை வைத்துக் கிடக்க விடாமல் வீட்டுக்கு அறிவிக்க வேண்டும். ரியூசன் ஆசிரியர்களே, இருமுகிற பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கோ, அந்தப் பாடத்தை இன்னொருநாள் இலவசமாக எடுங்கோ.

இதை வாசிக்கிற எங்களுக்கும் இதில பங்கு இருக்கு. முழுவரவுக் கிண்ணங்கள் பலவற்றுக்குக் காசு குடுக்கிறது பழைய மாணவர்கள்தான், அதாவது நாங்கள்தான். அடுத்த முறை சங்கக் கூட்டத்தில பரிசுப் பட்டியல் வரும்போது கையை உயர்த்தி, "இந்தக் கிண்ணத்துக்கு நாங்கள் காசு தரமாட்டம். அந்தக் காசில வகுப்புக்கு ஒரு காய்ச்சல்மானி வாங்குங்கோ" என்று சொல்லுங்கோ.