இணையத்தின் விலையும் சேரியின் தூரமும்

உலகிலேயே மலிவான இணையம் இந்தியாவில்தான் கிடைக்கிறது என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசுகின்றனர். ஒரு ஜிபியின் விலையை மட்டும் பார்த்தால் அது உண்மைபோலத் தோன்றும். கூலிக் குடும்பத்தின் கணக்கு வேறு.

2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாயானது. மாதம் 28 நாளாகச் சுருங்கியதால் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட வேண்டும். மூன்று கைப்பேசிகள் உள்ள வீட்டுக்கு ஆண்டுச் செலவு 11,661 ரூபாய். தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டு நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊதியம் 336 ரூபாய். ஏறத்தாழ 35 நாள் உழைப்பு ரீசார்ஜுக்கே போய்விடுகிறது.

கண்ணாடி இழை இணைப்பு மாதம் சுமார் 400 ரூபாயில் தொடங்குகிறது. 18 விழுக்காடு வரியையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 5,700 ரூபாய். கைப்பேசியில் பேசும் செலவு தனி என்றாலும், எத்தனை பிள்ளைகள் படித்தாலும் இத்தொகை கூடாது. நீண்டகால நோக்கில் இழையே சிக்கனமானது.

ஆனால் அந்த இழை எங்கே வந்து நிற்கிறது? 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டம் ஊராட்சிகளையே இலக்காகக் கொண்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கான பணியும் அவ்வாறே வகுக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது; சேரி ஊருக்கு வெளியே இருக்கிறது. ஊராட்சி இணைக்கப்பட்டுவிட்டது என்று ஏட்டில் பதிவாகும் நாளில், சேரிக்குக் கம்பிகூட வந்திருக்காது. ஓரிரு வீடுகளுக்காக அரை கிலோமீட்டர் கம்பி இழுப்பது இலாபமில்லை என்பார் கேபிள் நடத்துபவர். சாதி வகுத்த தூரம் இவ்வாறு செலவுக் கணக்காக மாறுகிறது.

கம்பியே வேண்டாத செயற்கைக்கோள் இணையம் இதற்கு மாற்றாகுமா? 2025 மே மாதம் வங்கதேசத்தில் ஸ்டார்லிங்க் அறிமுகமானபோது கருவியின் விலை 47,000 டாக்கா. குறைந்தபட்ச மாதக் கட்டணம் 4,200 டாக்கா. சாலையற்ற மலைக்கிராமத்துப் பள்ளிக்கு அரசு இதை வாங்கித் தரலாம். கூலிக் குடும்பங்கள் தம் கைப்பணத்தில் வாங்க இயலாது.

ஆகவே எந்தத் தொழில்நுட்பம் மலிவு என்பதோடு, கடைசி அரை கிலோமீட்டருக்கு யார் பணம் கொடுப்பது என்றும் கேட்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு டிஜிட்டல் பாரத் நிதிக்கென வசூலிக்கப்படுகிறது. நாம் கட்டும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதன் பங்கு இருக்கிறது. அந்நிதியிலிருந்து சேரியின் பள்ளிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் இழையைக் கொண்டுவந்து, பொது வைஃபை அமைக்க வேண்டும்.

இணையம் பெறுவது கல்வி உரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அடுத்த கிராம சபையில் ஒரே கேள்வியை எழுப்புவோம்: நம் ஊராட்சிக்கு வந்த இழை, நம் தெருவுக்கு எப்போது வரும்?