நெருப்புக்கும் நேரம் உண்டு

தை, மாசி மாதங்களில் கருங்கல் சுற்றுவட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்குள் நடந்து பார்த்திருக்கிறீர்களா? மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். தரை முழுவதும் கரியிலை. அதைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறவரைக் கேட்டால், "வருஷா வருஷம் வைக்கிறதுதானே!" என்பார். நேற்றைய தீயும் இன்றைய தீயும் ஒன்றல்ல. ஏன், காலைத் தீயும் மாலைத் தீயும் கூட ஒன்றல்ல என்பதே என் கட்சி.

உதிர்ந்த சருகுக்கு வேர் கிடையாது. மழையும் பனியும் இல்லாதபோது அதன் ஈரத்தை நிர்ணயிப்பது சுற்றியுள்ள காற்றுதான். காலை 6 மணிக்கு வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றிலுள்ள நீராவி கூடாமலும் குறையாமலும், பிற்பகலில் வெப்பம் மட்டும் 33 டிகிரிக்கு ஏறினால், ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 47 சதவீதமாக இறங்கிவிடும். பருத்த கட்டை உலர நாட்கள் ஆகும். மெல்லிய சருகும் புல்லும் ஓரிரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். கொதிக்கும் நீரில் 1 கிராமை ஆவியாக்கவே 540 கலோரி வெப்பம் வேண்டுமல்லவா? ஈரச் சருகில் நெருப்பின் வெப்பம் இதற்கே செலவாகிறது. அதனால்தான் காலையில் புகைந்து அணைந்த குவியல், மூன்று மணிக்குச் சடசடவென்று எரிகிறது.

இதனுடன் காற்றும் சேர்ந்தால்? அது பிராணவாயுவை மட்டும் கொண்டு வருவதில்லை. சுவாலையைச் சாய்த்து, எரியாத சருகை முன்கூட்டியே சூடாக்குகிறது. பொறிகளைத் தூக்கி அப்பால் எறிகிறது. மலைச்சரிவும் இதே வேலையைச் செய்யும். மேலே உள்ள புல் சுவாலைக்கு அருகில் வந்துவிடுகிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில், நடைப்பயணம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல், சரிவு, பிற்பகல், காற்று: நான்கும் அங்கே ஒன்று கூடியிருந்தன.

"கருங்கல் குரங்கணி அல்லவே, கடல் பக்கத்தில்தானே இருக்கிறது!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், நம் காற்றில் ஈரம் அதிகம். ஆனால் இலையுதிர்ந்த மரம் நிழல் தராது. நேர் வெயிலில் கிடக்கும் சருகின் சூடு, நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவதைவிட மிகுதி. கடற்காற்றும் பிற்பகலில்தான் வலுக்கிறது.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் உதவியுடன் காட்டுத்தீயைக் கண்டறிந்து வருகிறது. நல்ல பணி. ஆனால் கரியிலைக் குவியலுக்குத் தீ வைக்கப் போகிறவருக்குத் தேவையானது, இன்று வைக்கலாமா என்ற பதில். கனடாவில் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், மழை ஆகிய நான்கையும் நண்பகலில் அளந்து அன்றைய தீ அபாயத்தைக் கணிக்கிறார்கள். நம் பள்ளிகள் ஏன் இதைச் சிறு அளவில் செய்யக்கூடாது?

இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிடுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி காலையில் இரண்டுக்கும் சுமார் 1 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். பிற்பகலில் 9 டிகிரி. அந்த எண்ணையும், இலைகள் அசைகின்றனவா கிளைகளே ஆடுகின்றனவா என்பதையும், பள்ளி வாசல் கரும்பலகையில் தினமும் எழுதி வையுங்கள். தோட்டத்துக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தானே போகிறார்கள்!